இரட்டைப்படைக் கணக்குகள்

திங்கட்கிழமை என்றால் காலை எட்டரைக்கே தருமபுரி கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, சவுரியப்பனின் ஜெராக்ஸ் கடை முன்னால் கூட்டம் கட்டிவிடும். அன்று குறைதீர்க்கும் நாள். பட்டா மாறவில்லை என்பவர், வண்டிப்பாதையைப் பங்காளி முள் போட்டு அடைத்துவிட்டான் என்பவர், மகன் சோறு போடுவதில்லை என்று எழுத வந்துவிட்டு அதைச் சொல்ல வாய்வராமல் நிற்கும் அம்மா, எல்லோருக்கும் சுமித்ராதான் மனு அடிக்க வேண்டும். வந்தவர் இருபது நிமிஷம் பேசுவார். சுமித்ரா அதை ஒரே பக்கத்தில் அடக்குவாள். அனுப்புநர், பெறுநர், பொருள், அதன்கீழ் மூன்று பத்தி. நான்காவது பத்தி இருந்தால் எந்த அதிகாரியும் படிக்கமாட்டார் என்பது சவுரியப்பன் வகுத்த சட்டம்.

கீபோர்டுக்கு வலது பக்கம் இரண்டு தடித்த புத்தகங்கள் எப்போதும் கிடக்கும். அதே கடை மிஷினில் பிரிண்ட் எடுத்து, அதே கடையில் ஸ்பைரல் போட்டவை. ஓரமெல்லாம் கறுத்து, காது மடிந்து கிடக்கும். பார்க்கிறவர்கள் சட்டப் புத்தகம் என்றே நினைத்தார்கள்.

"ஏம்மா, எம்மருமவன் மேல போடறதுக்கு அதுல எதனா செக்சன் இருக்குதா பாரு" என்று ஒருமுறை ஒரு பெரியம்மா கேட்டாள்.

"இதுல மருமவன் வரலீங்க" என்றாள் சுமித்ரா.

"அப்பறம் என்னாத்துக்கு இத்தாம் பெரிய புஸ்தகம்?"

அது இரண்டு பாகமாகக் கட்டிய ஒரே கணக்குப் புத்தகம். இயற்கணித வடிவியல் என்ற துறைக்கு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தவர்களுக்காக எழுதப்பட்டது. ஒரு சமன்பாட்டை எழுதினால் அது ஒரு வடிவம். வட்டம், கோடு, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் வளைவு. வடிவத்தைக் கையால் தொடாமல் சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அது எங்கே முறிகிறது, எங்கே மடிகிறது, முறிந்த இடத்தைச் சரிசெய்ய முடியுமா என்று சொல்வதுதான் அந்தத் துறையின் வேலை. முதல் பத்துப் பக்கம் எளிது போலத் தோன்றும். பதினோராம் பக்கத்தில் தரை காணாமல் போகும். நல்ல வகுப்பில், நல்ல ஆசிரியரிடம் உட்கார்ந்தவர்களே இரண்டு வருஷம் திணறுவார்கள். சுமித்ரா ஏழு வருஷமாக அதைப் படித்துக்கொண்டிருந்தாள், மனுவுக்கும் மனுவுக்கும் நடுவில்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. மொரப்பூரை ஒட்டிய ஊர். எம்.எஸ்சி. கணிதம். படித்து முடித்த வருஷம் தனியார் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே போர்டில் எழுதுவதைவிடப் பரீட்சைப் பேப்பரில் கூட்டல் சரிபார்க்கும் வேலையே அதிகம் என்று இரண்டாம் வருஷம் விட்டுவிட்டாள். கடையில் உட்கார்ந்தால் செவ்வாய் முதல் வெள்ளிவரை பாதி நாள் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏழு வருஷமும் அவள் தனியாகப் படிக்கவில்லை. கலைமணி கூட இருந்தாள்.

இருவரும் எம்.எஸ்சி.யில் ஒரே பெஞ்சு. அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஐம்பது கணக்கு கொடுத்தால் ஒருவரும் ஐம்பதையும் போடமாட்டார்கள். ரெஜிஸ்டர் நம்பர் ஒற்றைப்படையில் முடிகிறவர்கள் ஒற்றைப்படைக் கணக்கு, இரட்டைப்படையில் முடிகிறவர்கள் இரட்டைப்படைக் கணக்கு. சனிக்கிழமை நோட்டை மாற்றிக்கொண்டு காப்பி அடித்துவிடலாம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. சுமித்ரா நாற்பத்தேழு, கலைமணி நாற்பத்தெட்டு. இருவரும் அப்படித்தான் முதல் வகுப்பில் தேறினார்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்தபோதும் அதே ஒப்பந்தம். அதில் நானூற்றுச் சொச்சம் பயிற்சிக் கணக்குகள் இருந்தன. ஒற்றைப்படை சுமித்ராவுக்கு, இரட்டைப்படை கலைமணிக்கு. பாடம் இருவருக்கும் பொது.

கலைமணி கல்யாணமாகித் தொப்பூர் போய்ச் சேர்ந்தாள். கணவன் அருண்குமாரின் குடும்பத்துக்குக் கணவாய்ச் சாலையோரம் சாப்பாட்டுக்கடை. லாரிக்காரர்கள் கடை. காலையில் மாவு, பகலில் சோறு, சாயங்காலம் புரோட்டா. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் அடுப்பு தணியும். அப்போது சுமித்ரா கூப்பிடுவாள்.

"எத்தனைடி முடிச்ச?" என்பாள் சுமித்ரா.

"நாலு. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. நீ?"

"அஞ்சாவது நிக்குது."

"படிச்ச புள்ள நீயே நிக்கவெச்சா நான் என்னா பண்றது? எனக்கு இங்க முட்டைக்குழம்பு நிக்குது."

அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் விடையைத்தான் சொல்லிக்கொள்வார்கள், போட்ட வழியைச் சொல்லமாட்டார்கள். போனில் வழியைச் சொல்வது கஷ்டம். நோட்டை ஒருநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். 'முடிஞ்சுது' என்றால் முடிந்தது. அடுத்த பாடத்தில் அந்தக் கணக்கின் விடை தேவைப்பட்டால் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒரு வளைவு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் புள்ளியை எப்படிப் பிரிப்பது என்ற பாடம் வந்தபோது சுமித்ரா மூன்று வாரம் விழித்தாள். கலைமணிதான் போனில் சொன்னாள்.

"இங்க கணவாய்ல மேம்பாலம் கட்டப்போறோம்னு அளந்துட்டுப் போனாங்க இல்ல, அதேதான்டி. ரெண்டு ரோடு மோதுற எடத்துல ஒண்ண மேல தூக்கிடற. மேல இருந்து பாத்தா வெட்டிக்கிற மாதிரிதான் தெரியும். பக்கத்துல வந்து பாத்தா ஒண்ணுமேல ஒண்ணு போவுது, மோதல."

சுமித்ராவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மறக்கவில்லை. புத்தகத்தில் ஆறு பக்கமாக இருந்தது அரை நிமிஷத்தில் விளங்கிய நாள்.

போன வருஷக் கடைசியில் சுமித்ரா பன்னிரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். வளைவின் இரண்டு கிளைகள் சந்திக்கும் எந்த இடத்தையும் ஓர் எளிய உருவத்துக்குக் கொண்டுவரலாம், எல்லா எண் அமைப்புகளிலும் கொண்டுவரலாம் என்பது அதன் சாரம். எண் அமைப்பு என்றால், கடிகாரத்தில் பதினொன்றோடு இரண்டைக் கூட்டினால் ஒன்று வருகிறதே, அதுபோலச் சில எண்களை மட்டும் வைத்துச் சுற்றிவருவது. மூன்று எண்கள் உள்ளது, ஐந்து உள்ளது, ஏழு உள்ளது என்று அது போய்க்கொண்டே இருக்கும். அவை எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் சுமித்ரா நிரூபித்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஆகச் சிறிய அமைப்பு. பூஜ்யம், ஒன்று, இரண்டே எண்கள். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு இரட்டைப்படை. ஏழு வருஷப் பழக்கத்தில் அது கலைமணி பங்குக்குப் போனது.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமித்ரா கேட்டாள். "ரெண்டுக்கு வருதாடி? நாளைக்குக் கடைசி நாள், அனுப்பணும்."

பின்னால் யாரோ இரண்டு ஆம்லெட் கேட்டார்கள். தோசைக்கல்லில் கரண்டி உரசும் சத்தம். பிறகு கலைமணி சொன்னாள்.

"வருது. ரெண்டுக்கும் வருது. அனுப்பு."

சுமித்ரா ஏழாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள். கீழே அடிக்குறிப்பு: இரண்டு எண்கள் கொண்ட அமைப்புக்கு இதைச் சரிபார்த்தவர் க. கலைமணி. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பத்தோடு அனுப்பினாள். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. நேர்காணல் ஜூன் மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி.

அவள் அம்மா பழனியம்மாளுக்கு இதெல்லாம் ஒரே வரியில்தான் புரிந்தது. "ஜூன் வரைக்கும் பொறுக்கறேன். சீட்டு கெடச்சா போ, நான் எதுக்கும் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா அரூர்ல இருந்து கேக்கறாங்களே, அவங்கள வரச்சொல்லுவேன். இதுக்கு மேல எவனும் வரமாட்டான்."

சுமித்ரா சரி என்றாள். இதுவரை மூன்று முறை விண்ணப்பித்து, நேர்காணல்வரை போனது இதுதான் முதல்முறை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை பகல் பதினொன்றரை. கடையில் சவுரியப்பன் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். "தொப்பூர்ல மறுக்கா. பிரேக் புடிக்கல. மூணு பேராம்." எட்டிப் பார்த்தாள் சுமித்ரா. கவிழ்ந்த லாரி, சிதறிய மூட்டைகள், கூட்டம். எந்தக் கடை, எந்த வளைவு என்று தெரியவில்லை. வாரத்துக்கு ஒன்று பார்க்கிற படம். ஒரு சாதிச்சான்றிதழ் மனு பாதியில் நின்றது. திரும்பி உட்கார்ந்து அடித்தாள். மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஆஸ்பத்திரி முன்னால் கூட்டம் நின்றதையும் பார்த்தாள். அதுவும் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

மறுநாள் மூன்று மணிக்கு எப்போதும்போலக் கலைமணி எண்ணுக்குப் போட்டாள். ஓர் ஆம்பிளைக் குரல் எடுத்தது. யார் என்று கேட்டது. சுமித்ரா என்றாள். பிறகு, "எடுத்துட்டோம்மா. ஒருமணிக்கே எடுத்துட்டோம்" என்றது.

முந்தின நாள் கலைமணி, கடை முன்னால் நின்ற வேனில் இருந்த டிரைவருக்கு ஜன்னல் வழியே பார்சல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேலிருந்து வந்த லாரி வேனை அடித்துத் தள்ளியது. அந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி. பேப்பரில் அவள் பெயர் வரவில்லை. 'ஓட்டல் உரிமையாளரின் மனைவி' என்று போட்டிருந்தார்கள்.

காரியத்துக்குப் போனபோது வீடு நிறைய ஆட்கள். அருண்குமார் மொட்டைத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஐந்து வயது மகள் பிரியதர்ஷினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தாள். நோட்டைப் பற்றிக் கேட்கிற இடமா அது? சுமித்ரா கேட்கவில்லை. ஆனால் நேர்காணலுக்கு இரண்டரை வாரம்கூட இல்லை. புத்தகத்தில் பாதி அவளுக்குத் தெரியும். மீதிப் பாதி இந்த வீட்டில் எங்கேயோ ஓர் அலமாரியில் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தாள்.

நேர்காணல் வாரத்துத் திங்கட்கிழமை அருண்குமாரே கடைக்கு வந்தான். வரிசையில் பதினான்காவது ஆளாக நின்று, தன் முறை வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தான். கையில் ஒரு கட்டைப்பை.

"வக்கீல் வாரிசு சான்றிதழ் கேக்கறாருங்க. தாசில்தாருக்கு மனு வேணும்."

சுமித்ரா விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். இந்த மனுவின் வாக்கியங்கள் அவளுக்கு மனப்பாடம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். எனது மனைவி திருமதி கலைமணி, வயது முப்பத்தொன்று, என்பவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். மேற்படி இறந்துபோன கலைமணிக்குக் கீழ்க்கண்ட நபர்களைத் தவிர வேறு வாரிசுகள் இல்லை. ஒன்று, அருண்குமார், கணவர். இரண்டு, பிரியதர்ஷினி, மகள். பிரிண்டர் ஒருமுறை பேப்பரை இழுத்து மடக்கிவிட்டது. இரண்டாவது முறை சரியாக வந்தது.

அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு பையை மேசைமேல் வைத்தான்.

"அவ நோட்டுங்க. ஆறு இருக்குது. கடைப் பொருளோட எடைக்குப் போயிருக்கும், நான்தான் எடுத்து வெச்சேன். உங்களுக்குத்தான் ஆவும்."

"ரொம்ப நன்றிங்ணா."

"ஞாயித்துக்கிழம ஆனா ரெண்டரைக்கெல்லாம் தலைய சீவி, மூஞ்சி கழுவி உக்காந்துக்குவா. ஏண்டி, போன்ல மூஞ்சியா தெரியுதுன்னு கேப்பேன். ஒனக்குத் தெரியாது போம்பா." அவன் சிரிக்க முயன்றான். "அன்னைக்கு மட்டும் கடையில எவன் என்ன கேட்டாலும் கோவமே வராது அவளுக்கு."

மதியம் கூட்டம் கலைந்ததும் சுமித்ரா பையைப் பிரித்தாள். முதல் இரண்டு நோட்டும் முழுசாக இருந்தன. கலைமணியின் சாய்வான கையெழுத்து, வரிக்கு வரி காரணம், ஓரத்தில் எண்ணெய்க் கறை. சில இடங்களில் அவள் போட்ட வழி புத்தகத்தின் வழியைவிடச் சுருக்கம். சுமித்ரா வேகமாகப் பக்கம் தள்ளினாள்.

மூன்றாவது நோட்டின் நடுவில், குழந்தை பிறந்த வருஷத்திலிருந்து, நோட்டு மாறியது. மேலே கணக்கின் எண். அதன்கீழ் கணக்கு. பிறகு வெள்ளை. அடியில், கல்லூரியில் எல்லோரும் எழுதிய அந்த ஒரே வரி: ஹென்ஸ் ப்ரூவ்டு.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். சிலவற்றுக்கு அரைப் பக்கம் விட்டிருந்தாள். சிலவற்றுக்கு ஒரு பக்கம், கடினமானவற்றுக்கு மூன்று பக்கம். நிரூபணம் எவ்வளவு நீளும் என்று கணித்துத்தான் இடம் விட்டிருக்கிறாள் என்பது சுமித்ராவுக்குப் புரிந்தது. பின்னால் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று. நடுநடுவே ஒன்றிரண்டு முழுசாகப் போட்டிருந்தன. காய்ச்சலில் படுத்த வாரமாக இருக்கலாம், கடை மூடிய பண்டிகையாக இருக்கலாம். சுமித்ரா எண்ணினாள். போடாதவை எண்பத்தாறு. எண்பத்தாறுக்கும் கலைமணி போனில் 'முடிஞ்சுது' என்று சொல்லியிருந்தாள்.

ஆறாவது நோட்டின் கடைசியில் சுமித்ராவின் குறிப்புக்கான பக்கம் இருந்தது. மேலே 'சுமியோடது, இரண்டுக்கு' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தது. கீழே ஒரு வரி: 'இரண்டால் வகுக்கணுமே? இங்க இரண்டே பூஜ்யம். பாதி எப்படி எடுக்கறது? சுமிகிட்ட கேக்கணும்.' அந்த வரியைக் குறுக்கே அடித்திருந்தாள். பிறகு நான்கு பக்கம் வெள்ளை. நான்காம் பக்கத்து அடியில் ஹென்ஸ் ப்ரூவ்டு.

நாளைக்குக் கடைசி நாள், அனுப்பணும் என்று தான் சொன்னது சுமித்ராவுக்கு நினைவு வந்தது.

ஒரு பாழான மனுவைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் தானே எழுதிப் பார்த்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு நேர்க்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. அவளுடைய எளிய உருவத்தில் அது y² = x². அதாவது ஒரு கோடு y = x, இன்னொன்று y = −x. ஆனால் ஒன்றும் ஒன்றும் பூஜ்யமாகிற இடத்தில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வித்தியாசம் கிடையாது. −x என்பதும் x என்பதும் ஒன்றே. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகிவிடுகின்றன. வெட்டிக்கொள்ளும் இரண்டு பாதைகளை அந்த உருவத்துக்குள் கொண்டுவரவே முடியாது. ஏழாம் பக்கம் தப்பு. அதை நம்பி எழுதிய எட்டு முதல் பன்னிரண்டுவரை எல்லாப் பக்கமும் இரண்டுக்குத் தப்பு.

சவுரியப்பன் டீ வாங்கிவந்து வைத்தார். முகத்தைப் பார்த்து, "என்னாச்சு சுமி?" என்றார்.

சொன்னாள். கணக்கைச் சொல்லவில்லை. அனுப்பியதில் ஓர் இடம் பொய் என்று சொன்னாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணா. தெரிஞ்சிருந்தா கூப்ட்டிருக்க மாட்டாங்க."

"அப்பறம் என்னா? இருபத்திரெண்டு வருசமா மனு எழுதறேன். மனுவுல ஓட்டை இருந்தா அதிகாரி கண்டுபுடிக்கணும். மனு குடுத்தவனே எந்திரிச்சி, சார் இங்க ஓட்டைன்னு காட்டி நான் பாத்ததில்ல. கேட்டா பாத்துக்க. கேக்கலன்னா வணக்கம் சொல்லிட்டு வந்துரு." டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "கேட்டாலும் என்னா? போட்டது அந்தப் பொண்ணுதான? அதுமேல சொல்லு. அதுக்கு இனிமே என்னா ஆவப்போவுது?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சுமித்ரா டீயைக் குடித்தாள். சூடு இறங்கியிருந்தது.

செவ்வாயும் புதனும் அவள் இரட்டைப்படைக் கணக்குகளில் மோதினாள். மொரப்பூரில் ஏறிய ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் மோதினாள். முடிந்தவை மூன்று. ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய இரட்டைப்படைக் கணக்கு ஒன்றைக் கேட்டது. அது அதற்கும் முந்தையதைக் கேட்டது. ஜோலார்பேட்டை தாண்டியதும் நோட்டை மூடிவைத்தாள்.

நேர்காணல் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று ஆண்கள், தலை நரைத்த ஒரு பேராசிரியை. எல்லோர் முன்னாலும் அவளுடைய பன்னிரண்டு பக்கம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். தமிழிலேயே பேசலாம் என்றார்கள். மரியாதையான இடம்.

"ஏழாம் பக்கம் தப்புங்க" என்றாள் சுமித்ரா. "அதைச் சொல்லிட்டு ஆரம்பிக்கலாங்களா?"

பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அவள் போர்டுக்குப் போய் இரண்டு கோடுகள் வரைந்தாள். இரண்டு நிமிஷத்தில் முடித்தாள்.

ஓரத்தில் இருந்தவர் தலையசைத்தார். "சரிதான். இதை எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"திங்கக்கிழமைங்க."

"அனுப்பினது பிப்ரவரியில."

"ஆமாங்க."

பேராசிரியை கண்ணாடியை இறக்கி அடிக்குறிப்பைப் படித்தார். "சரிபார்த்தவர் க. கலைமணின்னு போட்டிருக்கு. அவங்க பண்ணின தப்பா?"

சவுரியப்பன் சொன்னது ஞாபகம் வந்தது. பதில் வாய்வரை வந்து நின்றது.

"அவங்க செஞ்சாங்களான்னு நான் பாக்கலீங்க. என் பேர்ல அனுப்பினது. தப்பு என்னுதுங்க."

"நீங்க குறிப்புல காட்டியிருக்கற புத்தகத்துல, இதே பகுதியில ஆறாவது பயிற்சியைப் போட்டிருந்தாலே இது கண்ணுல பட்டிருக்குமே?"

"அது இரட்டைப்படைங்க."

நால்வரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒப்பந்தத்தைச் சொன்னாள். ரெஜிஸ்டர் நம்பர், சனிக்கிழமை நோட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. சொல்லச் சொல்ல, அந்த அறையில் அது எப்படி ஒலிக்கிறது என்பது அவளுக்கே கேட்டது.

"இந்தப் புத்தகத்துல பாதி பாடம் பயிற்சிக்குள்ளதானேம்மா இருக்கு" என்றார் பேராசிரியை. கோபம் இல்லாமல்தான் சொன்னார். "அடுத்த அத்தியாயம் முந்தின பயிற்சிமேலதான் நிக்குது. அதுல பாதியைப் போடாம மேல போனா..."

"எம்.எஸ்சி. வரைக்கும் நாங்க அப்படித்தாங்க வந்தோம்."

"அந்தப் பாதி இப்ப யார்கிட்ட இருக்கு? கலைமணி எங்க இருக்காங்க?"

"மே மாசம் இறந்துட்டாங்க."

பிறகு ஒருவர் மெதுவாக ஒரு கணக்கைச் சொன்னார். இரட்டைப்படைக் கணக்குதான். வேண்டுமென்றே எளிதாகப் பார்த்துக் கொடுத்தார் என்பது தெரிந்தது. சுமித்ரா இருபத்தைந்து நிமிஷம் போர்டு முன்னால் நின்றாள். முக்கால் பங்கு வந்தது. கடைசிப் படியில் இன்னொரு கணக்கின் விடை தேவைப்பட்டது. அந்த விடை அவளுக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டு இடமளிக்க இயலவில்லை, நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று இரண்டு வரி. சவுரியப்பன் அதை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.

"சரி வுடு" என்றாள் பழனியம்மாள். "ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வரச்சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. வீட்டில் கேசரி வாசனை. அக்காள் மகள் பின்னிவிட்ட தலையில் பூ கனத்தது. சுமித்ரா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. திரையில் 'கலை' என்று இருந்தது.

நான்காவது முறை அடிக்கும்வரை அவளால் கையை நீட்ட முடியவில்லை.

"அருண்குமாருங்க. என் போனு உடைஞ்சிபோச்சு, இதுலதான் பேசறேன். சான்றிதழ் வந்துடுச்சுங்க. சொல்லணும்னு தோணுச்சு."

"நல்லதுங்ணா. பாப்பா எப்படி இருக்கா?"

"இருக்கா. பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க, போறா." பின்னால் கல்லில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. "அந்த நோட்டு உங்களுக்கு உதவுச்சுங்களா?"

"உதவுச்சுங்க."

"எல்லாம் முடிச்சிருக்காளா? எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. கேப்பேன், முடிஞ்சுதாடி உன் புஸ்தகம்னு. முடியப்போவுதும்பா. நாளைக்குப் பாப்பாவுக்குச் சொல்லணும் இல்லீங்களா, உங்கம்மா இத்தாம் பெரிய புஸ்தகத்த முடிச்சவன்னு."

கட்டைப்பை கட்டிலுக்கடியில் இருந்தது. காலால் தொட்டால் தட்டுப்படும் தூரத்தில்.

"முடிச்சிருக்காங்க" என்றாள் சுமித்ரா. "ஒண்ணு வுடல."

"அப்படீங்களா." அவன் குரல் மாறியது. மூக்கை உறிஞ்சினான். "அப்ப ஒரு ஒதவி பண்ணுங்க. நீங்க பாத்து முடிச்சதும் அத பத்தரமா வெச்சிருங்க. பாப்பா பெருசானதும் வந்து வாங்கிக்கறோம். அவகிட்ட அவங்கம்மா எழுத்துன்னு வேற ஒண்ணும் இல்ல."

"சரிங்ணா."

வெளியே வண்டி வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம், வாங்க வாங்க என்ற அம்மாவின் குரல். சுமித்ரா குனிந்து பைக்குள் கைவிட்டு மூன்றாவது நோட்டை எடுத்தாள். முதல் வெள்ளை இருந்த பக்கம் தானே திறந்தது. அரைப் பக்கம். எட்டாவது கணக்கு. முதல் வரி எப்படித் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சுமி" என்று பழனியம்மாள் கதவோரம் வந்து நின்றாள். "வந்துட்டாங்க. எந்திரி."